ஆறாத புண்ணைச் சுரண்டுவது எதற்கு?

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேம்பதிப் பக்கம் கேரளம்தான் என்றாலும், எங்கள் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள். தென்னந்தோப்பு வேலைக்காரர்கள், கள்ளு இறக்குகிறவர்கள். சுகர் புண்ணுக்குக் கட்டுப் போடுவது என் வேலை. பிளேடை எடுத்ததும் வருகிற கேள்வி இது: “ஏனுங்க சிஸ்டர், ஆறிட்டு வர்ற புண்ணை எதுக்குங்க சுரண்டுறீங்க?”

“அழுக்குப் போகணுங்க” என்றால் அவர்களுக்குப் போதும். எனக்குப் போதவில்லை. தேடிப் படித்தேன்.

1962-ல் ஜெரோம் கிராஸ், சார்ல்ஸ் லாபியேர் என்ற இருவர், தலைப்பிரட்டையின் வால் எப்படிக் கரைகிறது என்று ஆராய்ந்து, தோலுக்கும் தசைக்கும் உறுதி தரும் நார்ப்புரதமான கொலாஜனை அறுக்கும் நொதி ஒன்றைக் கண்டார்கள். துத்தநாகம் இல்லாமல் அது வேலை செய்யாது. அந்தக் குடும்பத்துக்கு இன்றைய பெயர் எம்.எம்.பி. மனித உடம்பில் 23 வகை உண்டு.

தசையை அரிக்கும் நொதி என்றதும் கெட்டது என்றே தோன்றும். அப்படியில்லை. புண் ஆறத் தேவையான வளர்ச்சிக் காரணிகளில் (செல்களை வளரத் தூண்டும் புரதங்கள்) பல, செல்களைச் சுற்றியுள்ள நார்ப் பின்னலில் ஏற்கெனவே கட்டுண்டு கிடக்கின்றன. அவற்றில் ஒன்றான டி.ஜி.எஃப்.-பீட்டா ஒரு புரத உறைக்குள் அடங்கியே வெளிவருகிறது. ரத்தக்குழாய் முளைக்கச் செய்யும் வி.இ.ஜி.எஃப்., அந்தப் பின்னலில் உள்ள ஹெபரான் சல்ஃபேட் என்ற சர்க்கரை இழைகளில் ஒட்டிக்கொண்டிருக்கும். நொதி வந்து அறுத்தால் இவை செல்லை எட்டும். எம்.எம்.பி.-9 இப்படி வி.இ.ஜி.எஃப்.-ஐ விடுவிப்பதை 2000-ல் எலியின் கணையக் கட்டியில் காட்டினார்கள். புற்றுக்கட்டி தனக்கு ரத்தம் வரவழைத்துக்கொள்வதும் இதே வழியில்தான் என்று படித்தபோது ஒரு நிமிஷம் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன்.

எங்கள் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் வாய்க்கால் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்: மடையைத் திறந்தால் வயல் நனையும், கரையே உடைந்தால் நாற்று போய்விடும். ஆறாத சுகர் புண்ணில் நடப்பது இரண்டாவது. வந்த வெள்ளணுக்கள் திரும்பிப் போவதில்லை. அவை கொட்டும் எம்.எம்.பி.-8, 9, எலாஸ்டேஸ் என்ற இன்னொரு நொதி எல்லாம் குவிந்துவிடும். இவற்றை அடக்கும் டிம்ப் என்ற புரதங்கள் குறைந்துவிடும். விடுவிக்க வேண்டிய காரணிகளையும் புதிதாகப் படியும் கொலாஜனையும் அந்த நொதிகளே தின்னத் தொடங்கும்.

பி.டி.ஜி.எஃப். என்ற இன்னொரு வளர்ச்சிக் காரணியை ஜெல்லாகத் தடவும் மருந்துக்கு 1997-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அந்த மருந்துச் சோதனையில் என்னைக் கவர்ந்தது வேறொன்று. செத்த தசையை அடிக்கடி அகற்றிய மையங்களில், மருந்து பூசியவர்களுக்கும் வெறும் ஜெல் பூசியவர்களுக்கும் புண் கூடுதலாக ஆறியிருந்தது. நொதி குவியும் இடத்தை அறுத்து எறிந்த பிறகுதான் காரணிக்கு வேலை செய்ய இடம் கிடைக்கிறது. நான் பிளேடு எடுப்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

நொதியை ஒட்டுமொத்தமாக அடக்கிவிட்டால் என்ன? புற்றுநோய்க்காக மாரிமாஸ்டாட் என்ற மாத்திரையில் அதைச் செய்து பார்த்தார்கள். பலன் கிட்டவில்லை, மூட்டும் தசையும் வலித்ததுதான் மிச்சம். பல் ஈறு நோய்க்கு மட்டும் 20 மில்லிகிராம் டாக்ஸிசைக்ளின், கிருமியைக் கொல்லாத அந்தச் சிறு அளவில், நொதியைத் தணிக்கப் பயன்படுகிறது.

பாதத்துப் புண்ணில் ஒவ்வொரு முறை ஊன்றும்போதும் தசை நசுங்கி, வெள்ளணுக்கள் மறுபடி வருகின்றன. ஜெல்லுக்குக் கடன் வாங்கியாவது பணம் கொண்டுவந்துவிடுகிறார்கள். காலை ஊன்றாதீர்கள் என்றால்தான் முகம் வாடுகிறது, ஏனென்றால் அன்றன்றைய கூலி போகிறது. அதனால் கட்டு முடிந்ததும் கூட வந்தவரை உட்காரவைத்து, தோப்புக்கு வேறு யார் போக முடியும், தண்ணீர் யார் எடுத்துத் தருவார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறேன். டிரஸ்ஸிங்கைவிட அந்தப் பேச்சுக்குத்தான் அதிக நேரம் ஆகிறது.