முதலில் ஆண்டவர், பிறகு ஆத்தா: பினாங்கில் ஒரு பகல்

பட்டர்வொர்த்தில் ரயிலை விட்டிறங்கி, ஃபெரியில் கடலைக் கடந்து, ஜார்ஜ் டவுனின் லெபோ குயின் தெருவுக்கு (லெபோ என்றால் மலாயில் தெரு) அம்மாவும் நானும் நடந்து சேர்ந்தபோது பிற்பகல் பன்னிரண்டரை மணி ஆகிவிட்டது. அருள்மிகு மகா மாரியம்மன் கோவிலின் நடை சாத்தியிருந்தது. கோலாலம்பூரிலிருந்து முதல் ரயிலுக்கே சீட்டு வாங்கியிருக்க வேண்டும் என்று நான் நொந்துகொண்டிருக்க, அம்மாவோ செருப்பைக் கழற்றிவிட்டுப் பூட்டிய கதவுக்கு முன்னால் நின்று கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக் கும்பிட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, “நாம முறையை மாத்தி வந்துட்டோம்பா, அதான் சாத்திட்டா” என்றார்.

அவர் சொன்ன முறை, என் தாத்தா வகுத்துவிட்டுப் போனது. 1930களில் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறி வந்தவர் அவர். கப்பலேறுவதற்கு முன் அருகிலுள்ள நாகூர் தர்காவில் சர்க்கரை வைத்து வேண்டிக்கொண்டு, இங்கே ஜெரஜாக் தீவின் தனிமை முகாமிலிருந்து விடுபட்டதும் இந்த அம்மன் சந்நிதியில் கற்பூரம் ஏற்றிய பிறகே தோட்டத்துக்குப் புறப்பட்டாராம். “பினாங்குக்குப் போனால் முதலில் ஆண்டவர், பிறகு ஆத்தா” என்பதை அவர் பிள்ளைகளிடம் ஒரு கட்டளையாகவே சொல்லி வைத்திருந்தார்.

ஆகவே திரும்பி நடந்தோம். லெபோ சூலியாவும் லெபோ கிங்கும் சந்திக்கும் முனையில், கடைகளுக்கு நடுவே ஒடுங்கி நிற்கிறது பினாங்கின் நாகூர் தர்கா. சிறிய கூம்புகளும் மாடங்களும் கொண்ட அந்த வெள்ளைக் கட்டடத்தைத் தேடி வராதவர்கள் கவனிக்காமலே கடந்துவிடக்கூடும். தாத்தா ஆண்டவர் என்று சொன்ன சூஃபி ஞானி சாகுல் ஹமீது ஆண்டகையின் அடக்கத்தலம் நாகூரில்தான் இருக்கிறது. இங்கிருப்பது அவர் நினைவாகச் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பியது. சூலியாக்கள் எனப்பட்ட அவர்களின் பெயரைத்தான் தெருவும் தாங்கி நிற்கிறது. நடுக்கடலில் ஒரு கப்பலில் ஓட்டை விழுந்தபோது, கரையில் சவரம் செய்துகொண்டிருந்த ஆண்டகை கையிலிருந்த கண்ணாடியை வீசியெறிய, அது போய் ஓட்டையை அடைத்துக்கொண்டது என்பது நாகூர்க் கதை. கடலுக்கு அஞ்சியவர்கள் இறங்கிய துறைமுகங்களில், சிங்கப்பூர் உட்பட, அவருக்கு இடம் கிடைத்ததில் வியப்பில்லை.

அம்மா வாசற்படியருகே நின்று, கைப்பையிலிருந்து அரைக் கிலோ சர்க்கரையையும் ஊதுபத்திக் கட்டையும் எடுத்துக் கொடுத்தார். உள்ளே இருந்த பெரியவர் எங்கள் பெயரையோ ஊரையோ கேட்கவில்லை. ஃபாத்திஹா ஓதிவிட்டு, சர்க்கரையில் ஒரு பிடியைச் செய்தித்தாளில் மடித்து அம்மாவிடம் திருப்பித் தந்தார்.

மாலை வரை நேரம் கிடந்தது. லெபோ பசாரில் வாழையிலைச் சாப்பாடு ஆனது. லெபோ பினாங்கில் நகரத்தார் கோவில் வீட்டின் வாசலில் சற்று நின்றோம்; தைப்பூசத்துக்கு முந்திய நாள் காலையில் முருகனின் வெள்ளி ரதம் இங்கிருந்துதான் தண்ணீர்மலைக் கோவிலுக்குப் புறப்படுகிறது. அந்தப் பாதையில் சீனர்கள் குவியல் குவியலாகத் தேங்காய் உடைப்பதை அம்மா சிறுமியாக இருந்தபோதே பார்த்திருக்கிறார். அதற்குப் பதில் மரியாதை செய்வதுபோல, சீனர்களின் கருணைத் தெய்வமான குவான் யின் கோவிலின் முற்றத்தில் மூன்று ஊதுபத்தி வாங்கி ஏற்றினார். புகையில் எனக்குக் கண் எரிந்தது. அவர் அசையாமல் நின்றார். 2008இல் யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்த பின் இத்தெருக்களில் படம் எடுப்பவர்கள் பெருகிவிட்டார்கள், கையில் கேமராவோடு நின்ற என்னையும் சேர்த்துத்தான்.

நடை திறந்ததும் உள்ளே போய்விட்டோம். 1833இல் எழுந்த இந்தக் கோவில், பினாங்கின் மிகப் பழைய இந்துக் கோவில். பெரிய தலம் என்று சொல்ல முடியாது. சந்நிதிக்கு மிக அருகிலேயே நின்று தரிசிக்கலாம், அதுவே இதன் கொடுப்பினை என்பேன். திரை விலகியபோது அம்மன் மஞ்சள் பட்டில் இருந்தாள். குருக்கள் அர்ச்சனைச் சீட்டை வாங்கிக்கொண்டு நட்சத்திரம் கேட்க, அம்மா வீட்டிலுள்ள ஒவ்வொருவரின் நட்சத்திரத்தையும் சொல்லி, கடைசியில் தம்முடையதை மறந்து விழித்தார். நான் எடுத்துக் கொடுத்தேன். கற்பூரத் தட்டு வந்தபோது அவர் உதடுகள் தாத்தாவின் பெயரை முணுமுணுத்ததைப் பக்கத்தில் நின்ற நான் மட்டும் கேட்டேன்.

திரும்பும் ஃபெரியில் அம்மா கைப்பையைத் திறந்தார். குங்குமப் பொட்டலம் பிரிந்து, செய்தித்தாள் மடிப்பிலிருந்த சர்க்கரையெல்லாம் சிவந்து கிடந்தது. கொட்டிவிடலாமா என்று கேட்டேன். அவர் ஒரு சிட்டிகையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, பொட்டலத்தை என்னிடம் நீட்டினார்.