நசுங்கின நெத்தியும் நானும்: டிஃப்யூஷன் டேட்டா நாட்குறிப்பு

மார்ச் 3
மூளையோட புது டிஃப்யூஷன் எம்ஆர்ஐ டேட்டா வந்தாச்சு, தண்ணி எந்தத் திசையில நகருதுன்னு பார்த்து நரம்பு இழைப் பாதைகளைத் தேடற ஸ்கேன். 3 டெஸ்லா மெஷின், பி வேல்யூ (டிஃப்யூஷனை எவ்வளவு அழுத்தமா அளக்கறோம்ங்கற எண்) 1000, 2000னு ரெண்டு ஷெல், அதாவது ரெண்டு தொகுதி, நடுநடுவுல பி ஜீரோ, அதாவது டிஃப்யூஷன் அளக்காத சாதாரணப் படம். திறந்த உடனே கண்ணுல பட்டது நெத்திப் பக்கம்தான், ஃப்ரண்டல் லோப் முன்னாடி நசுங்கி, ஓரத்துல பளிச்சுனு ஒரு வெள்ளைத் திட்டு. பழகாதவங்க பார்த்தா ஏதோ வியாதின்னே நினைச்சுடுவாங்க. அது ஈபிஐ-ங்கற வேகமா படம் எடுக்கற முறை பண்ற வேலை. ஒரு ஸ்லைஸ் முழுசையும் ஒரே மூச்சுல படிச்சுடறதால ஃபேஸ் என்கோடிங் திசையில (படத்தோட ரெண்டு அச்சுல மெதுவா படிக்கற அச்சு) பேண்ட்வித் ரொம்பக் கம்மி, பிக்ஸலுக்கு 20 ஹெர்ட்ஸ்னு வச்சுக்கிட்டா, சைனஸ் காத்தும் திசுவும் ஒட்டுற இடத்துல காந்தப் புலம் 100 ஹெர்ட்ஸ் விலகினாலே சிக்னல் 5 பிக்ஸல் தள்ளிப்போய் உக்காந்துடும், 2 மில்லிமீட்டர் பிக்ஸல்னா ஒரு சென்டிமீட்டர்! காது பக்கம் டெம்போரல் லோப் அடியிலயும் இதே கதைதான்.

மார்ச் 4
நல்லவேளை, ஃபேஸ் என்கோடிங்கைத் திருப்பிப் போட்டு எதிர்த்திசை பி ஜீரோவும் எடுத்திருக்காங்க. ஒண்ணுல நசுங்கின இடம் இன்னொண்ணுல இழுபட்டு இருக்கும், ரெண்டையும் ஒரே உருவத்துக்குக் கொண்டு வர்ற புலம் எதுன்னு தேடறதுதான் எஃப்எஸ்எல்-ங்கற மென்பொருள்ல இருக்கற டாப்அப் பண்றது. ஆண்டர்சன் குழு 2003ல எழுதின பேப்பர்லேர்ந்து வந்த யோசனை.

இன்னிக்கு ஒருத்தர் கேட்டாரு, டாப்அப்புக்குக் கொடுக்கற பாராமீட்டர் ஃபைல்ல திசையைச் சொல்ற பிளஸ் மைனஸ் குறியை மாத்திப் போட்டுட்டா எல்லாம் போச்சான்னு. ரெண்டு திசைக்கான வரியிலயும் சேர்ந்தே மாறியிருந்தா படத்துக்கு ஒண்ணும் ஆகாது, கிடைக்கற புலம்தான் தலைகீழா இருக்கும், திருத்தம் அதேதான். அதே ஃபைல்ல போடற ரீட்அவுட் டைமும் (ஸ்லைஸைப் படிக்க ஆகற நேரம்) அப்படித்தான், எல்லா வரியிலயும் ஒரே எண்ணா இருந்தா அது கொஞ்சம் தப்பா இருந்தாலும் புலத்தோட ஹெர்ட்ஸ் அளவுதான் மாறும். தனியா எடுத்த ஃபீல்டுமேப்பை, அதாவது புலத்தையே அளந்த படத்தைக் கொண்டுவந்து கலக்கறப்பதான் கழுத்துக்குக் கத்தி. இத தெரிஞ்சுக்காம ராத்திரி முழுக்க குறியை மாத்தி மாத்தி ஓட்டறவங்கள பார்த்திருக்கேன், பாவம்.

மார்ச் 5
டாப்அப் பாதியில நின்னுடுச்சு. ஸ்லைஸ் எண்ணிக்கை ஒத்தைப்படை, வழக்கமான கான்ஃபிக் (செட்டிங் ஃபைல்) படத்தைப் பாதியா சுருக்கிப் பார்க்கும், ஒத்தைப்படை ஒத்துவராது. சிலர் ஒரு ஸ்லைஸை வெட்டி எறிஞ்சுடறாங்க, எனக்கு அது பிடிக்காது. சுருக்காம ஓடற கான்ஃபிக் இருக்கு, மெதுவா ஓடும், ஓடட்டும்.

மார்ச் 9
எந்தத் திருத்தம் முதல்லங்கற வரிசை பத்தி மறுபடியும் ஒரு சண்டை. நாய்ஸ் எடுக்கறது முதல்ல, அப்புறம் கிப்ஸ் வளையம் (ஓரங்கள்ல வர்ற போலிக் கோடுகள்), அதுக்கப்புறம்தான் டாப்அப், எட்டி (எட்டி கரண்டையும் தலை அசைவையும் திருத்தற எஃப்எஸ்எல் கருவி). ஏன்னா படத்தை ஒருதடவை நகர்த்தி இன்டர்போலேட் பண்ணிட்டா பக்கத்துப் பக்கத்து வாக்ஸல் (முப்பரிமாண பிக்ஸல்) நாய்ஸ் ஒண்ணோட ஒண்ணு கலந்துடும், அதுக்கப்புறம் நாய்ஸைப் பிரிக்கற கணக்கு நம்பற அடிப்படையே போயிடுது. "ரிசல்ட்ல பெருசா வித்தியாசம் தெரியலையே"ங்கறது ஒரு பதிலே இல்லை.

எட்டியை ஜிபியூல போட்டாச்சு. டிஃப்யூஷன் கிரேடியன்ட் ஆன் ஆஃப் ஆகறப்ப வர்ற எட்டி கரண்ட் ஒவ்வொரு திசைக்கும் ஒவ்வொரு மாதிரி படத்தை இழுக்கும், சாய்க்கும், அதனால ஒரே திருத்தத்தை எல்லாத்துக்கும் போட முடியாது. பி 2000 படத்தை நேரா பி ஜீரோவோட ஒட்டிப் பொருத்தறதும் வேலைக்கு ஆகாது, ரெண்டும் பார்க்கவே வேற வேற. எட்டி என்ன பண்ணுதுன்னா மத்த வால்யூமையெல்லாம் வச்சு இந்தத் திசையில படம் இப்படித்தான் இருந்திருக்கணும்னு ஒரு கணிப்பு போட்டு அதோட பொருத்துது. எனக்கு ரொம்பப் பிடிச்ச இடமே இதுதான்.

மார்ச் 12
ரிசல்ட் பார்த்தாச்சு. ஒருத்தரோட ஸ்கேன்ல சைடுலேர்ந்து பார்த்தா வரிவரியா கறுப்பு ஸ்லைஸ், கிரேடியன்ட் ஓடற நேரத்துல தலை ஆடியிருக்கு. அந்த ஸ்லைஸை மட்டும் கணிப்பை வச்சு நிரப்பற ஆப்ஷன் ஆன்ல இருந்ததால தப்பிச்சுது. இன்னொண்ணு, எட்டி எழுதிக் கொடுக்கற சுத்தின பிவெக் ஃபைலைத்தான் (கிரேடியன்ட் திசைகளோட பட்டியல்) அடுத்த ஸ்டெப்புக்கு எடுக்கணும். தலை திரும்பினா படத்தை நிமித்தறோம் சரி, கிரேடியன்ட் திசையையும் கூடவே திருப்பணும்ல?

எர்ரர் வராம ஓடி முடிஞ்சுதுங்கறதை மட்டும் வச்சு நான் எதையும் ஒத்துக்கறதில்ல. டி1-ங்கற உடற்கூறு எம்ஆர்ஐ படத்தோட வெளிக்கோட்டை மேல போட்டு, கார்பஸ் கலோசம் ஓரம், பிரெயின் ஸ்டெம், நெத்தி மூணையும் கண்ணால பார்த்தாதான் அடுத்த வேலை.

மார்ச் 17
பழைய பேட்ச் தலைவலி. எதிர்த்திசை பி ஜீரோவே எடுக்கல, ஃபீல்டுமேப்பும் கிடையாது. சின்பி0-ங்கற மென்பொருளை ஓட்டிப் பார்த்தேன், டி1-லேர்ந்து டிஸ்டார்ஷன் இல்லாத பி ஜீரோ ஒண்ணை செயற்கையா உருவாக்கி டாப்அப்புக்குக் கொடுக்கும். உருவம் பிரமாதமா வந்துடுச்சு, வெளிக்கோடு கச்சிதம். ஆனா டிஃப்யூஷன் சிக்னல்? நாலஞ்சு வாக்ஸலோட சிக்னல் ஒரே வாக்ஸல்ல போய்க் குவிஞ்சிருந்தா, அதை இழுத்துப் பரப்பலாமே தவிர எது எதோடதுன்னு பிரிக்க முடியாது, எதிர்த்திசையில மொத்த டிஃப்யூஷனையும் எடுத்திருந்தாதான் அந்த விவரம் இருந்திருக்கும்.

இந்த ஆய்வுல கேட்ட கேள்வி அன்சினேட் ஃபசிகுலஸ்ங்கற நரம்பு இழைப் பாதை பத்தி, அது ஓடறது நெத்தி அடியிலயும் டெம்போரல் முனையிலயும், இருக்கறதுலயே மோசமான இடம். புது பேட்ச்ல ஒருமாதிரி, பழசுல இன்னொருமாதிரி வந்தா அது நோயா டிஸ்டார்ஷனான்னு யார் சொல்றது? பழைய பேட்ச்ல அந்த டிராக்டை மட்டும் எடுக்கப் போறதில்லன்னு மெயில் போட்டுட்டேன். மூளையிலேர்ந்து தண்டுவடத்துக்கு இறங்கற கார்ட்டிகோஸ்பைனல் டிராக்ட் ரெண்டு பேட்ச்லயும் சுத்தமா இருக்கு, அத வச்சுக்கலாம்.