மொட்டை அடிக்காத கோடை

ஏப்ரல் 2

காலையில் என் ஹஸ்கி நாய் நிலாவின் தொடையைத் தடவினேன், கையில் ஒரு பிடி பஞ்சு வந்தது. உதிர்காலம் ஆரம்பித்துவிட்டது. ஹஸ்கி வளர்ப்பவர்களுக்கு இதைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. தலையணை, கண்ணாடி, லேப்டாப் விசைகளின் இடுக்கு, இனி எங்கும் அதுதான்.

போன வருடம் இதே நேரத்தில்தான் அந்தத் தப்பைச் செய்தேன். "இவ்வளவு முடியோட பாவம், மொட்டை அடிச்சு விட்டுடுங்க" என்று பார்ப்பவர்கள் எல்லாம் சொன்னார்கள். முடி வெட்டுகிற இடத்திலும் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. கிளிப்பர் தோலை ஒட்டி ஓடியது. இரண்டு வாரத்தில் முதுகுத் தோல் வெயிலில் சிவந்து உரிந்தது. முடி திரும்ப முளைத்தபோது கம்பளி மாதிரி இருக்கும் அடிமுடி முந்திக்கொண்டது, நீளமான மேல்முடி வரவே இல்லை. வாலுக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு இன்னும் வழுக்கை. ஹஸ்கி, சமோயெட், சௌ சௌ, பொமரேனியன் போன்ற நாய்களுக்கு ஒட்ட வெட்டினால் மாதக்கணக்கில், சில சமயம் ஒரு வருடத்துக்கு மேலும், முடி வராமல் போவது கால்நடை மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயமாம். வெட்டிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

இந்த வருடம் கிளிப்பர் கிடையாது. எழுதி வைக்கிறேன். மே மாதத்தில் மனசு மாறினால் எடுத்துப் படித்துக்கொள்ளலாம்.

ஏப்ரல் 5

இன்று முழுக்க சீப்பும் கையுமாகத்தான் போனது. நிலாவுக்கு இரண்டு மணி நேரம், சிங்கத்துக்கு ஒன்றரை. சிங்கம் என்றால் கோல்டன் ரிட்ரீவர், ஒன்பது வயது. எடை இருக்கவேண்டியதைவிட நாலு கிலோ கூடுதல், பழி என்மேல்தான்.

இத்தனை வருடமும் நான் மேலோட்டமாகத்தான் வாரிக்கொண்டிருந்திருக்கிறேன். மேல்முடி பளபளவென்று இருக்கும், அதற்கு அடியில் செத்த அடிமுடி மெத்தை போலப் படிந்து கிடக்கும். இப்போது செய்கிற முறை வேறு. நாயை ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஒரு கையால் முடியை மேலே தூக்கிப் பிடித்து, தோல் கோடாகத் தெரிகிற வரை வகிடு எடுக்கவேண்டும். அந்த வகிட்டுக்குக் கீழே உள்ள முடியை மட்டும் ஸ்லிக்கர் பிரஷால் (மெல்லிய கம்பிப் பற்கள் நெருக்கமாக உள்ளது) கொஞ்சம் கொஞ்சமாக வாரவேண்டும். அப்புறம் ஒரு விரல் அகலம் மேலே அடுத்த வகிடு. தொடையிலும் கழுத்திலும் அடிமுடியைக் கோதி எடுக்கும் அண்டர்கோட் ரேக் நன்றாக வேலை செய்கிறது. முடிந்ததா என்று பார்க்க எஃகுச் சீப்பு: வேரிலிருந்து நுனி வரை தடங்கல் இல்லாமல் ஓடினால் முடிந்தது, மாட்டிக்கொண்டால் இன்னும் வேலை இருக்கிறது.

சிங்கத்தின் காதுக்குப் பின்னால் இரண்டு சடை, அக்குளில் ஒன்று. குளிப்பாட்டுவதற்கு முன்பே பிரித்துவிட்டேன், நனைந்தால் சடை இன்னும் இறுகும். கத்தரிக்கோல் பக்கம் போகவில்லை. சடையை இழுக்கும்போது தோலும் கூடவே எழும்பி வரும், எது முடி எது தோல் என்று தெரியாமல் வெட்டிவிடுவோம்.

அடர்ந்த முடி நாய்க்கு ஏசி மாதிரி என்று சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அது கொஞ்சம் அதிகப்படி. மேல்முடி வெயிலைத் தோலில் படாமல் தடுக்கும், அது உண்மை. ஆனால் அடிமுடி குளிருக்காக உண்டானது, ஓடி விளையாடிச் சூடேறிய உடம்பின் வெப்பத்தையும் அது பிடித்துவைக்கும். அதனால் மேல்முடி இருக்கட்டும், செத்த பஞ்சு போகட்டும் என்று முடிவு செய்திருக்கிறேன். இன்றைக்குப் போன பஞ்சு இரண்டு பெரிய பை.

ஏப்ரல் 11

நடை நேரத்தை மாற்றியாயிற்று. விடிவதற்கு முன் ஒன்று, இருட்டிய பிறகு ஒன்று. சாயங்காலம் கிளம்பும்போது புறங்கையைத் தார்ச் சாலையில் ஏழு விநாடி வைத்துப் பார்க்கிறேன். இன்று ஆறரை மணிக்கு மூன்று விநாடிகூடத் தாங்கவில்லை. வெயில் இறங்கியும் தார் ஆறவில்லை. திரும்பிவிட்டோம். நிலா வாசலில் உட்கார்ந்து ஊளையிட்டுத் தன் கண்டனத்தைத் தெரிவித்தாள்.

ஏப்ரல் 20

மெத்தை வாங்கிப் போட்டவன் நான், அதில் படுக்காதவர்கள் அவர்கள். குளியலறை வாசலில் வெறும் டைல்ஸ் தரையில், பின்னங்கால்களைத் தவளை மாதிரி நீட்டி, வயிற்றைத் தரையோடு ஒட்டிக்கொண்டு கிடக்கிறார்கள். வயிற்றிலும் தொடை இடுக்கிலும்தான் முடி குறைவு, அங்கிருந்துதான் சூடு சுலபமாக இறங்கும். நிலா தோட்டத்தில் பள்ளம் பறிப்பதும் இதற்காகத்தான்: மேல்மண் சுடும், ஒரு சாண் கீழே குளிர்ச்சி. நிழலில் ஒரு மூலையை அவளுக்கே விட்டுக்கொடுத்துவிட்டேன்.

ஃபேன் போட்டால் நமக்குச் சுகம், அவர்களுக்கு அவ்வளவாக இல்லை. வியர்வை உள்ளங்காலில் மட்டும்தான், அதுவும் பேருக்கு. நாக்கிலும் மூக்குக்குள்ளும் இருக்கும் ஈரம் ஆவியாவதுதான் அவர்களுக்கு முக்கிய வழி. வயிற்றை நனைத்துவிட்டு ஃபேனுக்கு எதிரே விட்டால் கதையே வேறு, இன்று செய்து பார்த்தேன். முதுகில் தண்ணீர் ஊற்றியது வீண். மழைக்கோட்டில் விழுந்ததுபோல வழிந்து ஓடியது, விரலை விட்டுப் பார்த்தால் தோல் காய்ந்தே இருந்தது.

மே 4

தண்ணீர் விஷயத்தில் ஒரு சறுக்கல். ஒரு வாரமாகச் சிங்கத்தை தினமும் தொட்டியில் இறக்கிவிட்டேன், அவனுக்கு அது சொர்க்கம். மேலே காய்ந்ததுபோல இருந்ததால் அப்படியே விட்டேன். நேற்று ராத்திரி ஒரு பக்கக் காதுக்குக் கீழே சொறிந்துகொண்டே இருந்தான். காலையில் பார்த்தால் பெரிய நாணய அளவுக்கு ஈரமான சிவந்த புண், நாற்றம் வேறு. அடிமுடியில் தங்கிய ஈரத்தால் வருவது. ஒரே ராத்திரியில் இந்த அளவுக்கு வளரும் என்று நினைக்கவில்லை.

மருத்துவர் முதலில் கையில் எடுத்தது கிளிப்பரைத்தான்! புண்ணைச் சுற்றி மழித்தால்தான் காற்றும் மருந்தும் படும் என்றார். சரி, கிளிப்பருக்கும் ஒரு வேலை இருக்கிறது. இனி தொட்டி வாரத்துக்கு இரண்டு முறை. நனைந்த அன்று ப்ளோயரைச் சூடில்லாத காற்றில் வைத்து, அடிமுடி பிரிந்து தோல் தெரிகிற வரை உலர்த்தவேண்டும்.

மே 16

கை இன்னும் நடுங்குகிறது. நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

நேற்று ராத்திரி மழை. காலை ஆறு மணிக்கு வெயிலே இல்லை, மேகமூட்டம். இவ்வளவு நாள் அடைந்து கிடந்தார்களே என்று பந்தை எடுத்துப் போனேன். நிலா நாலு முறை ஓடிவிட்டுப் படுத்துக்கொண்டாள், அவளுக்கு அந்த அறிவு உண்டு. சிங்கம் படுக்கமாட்டான். பந்து போனால் அவனும் போவான், அதுதான் அவன் பிறவிக்குணம். இருபது நிமிடம் எறிந்திருப்பேன்.

ஆறரை வாக்கில் பந்தை வாயில் கவ்வாமல் வந்து நின்றான். நாக்கு நுனி அகலமாகி அகப்பை மாதிரி விரிந்து தொங்கியது. எச்சில் கெட்டியாக நூல் நூலாக இறங்கியது. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன், ஈறு செங்கல் நிறம். இரண்டடி வைத்ததும் பின்னங்கால் தள்ளாடியது.

நல்லவேளை வீடு பக்கத்தில். தூக்கிக்கொண்டு ஓடினேன். தெர்மாமீட்டர் ஆசனவாயில் 40.8 டிகிரி செல்சியஸ் காட்டியது. நாய்க்குச் சாதாரணமாக 38.3 முதல் 39.2 வரை. தம்பி ஈரத் துண்டைப் போர்த்த வந்தான். வேண்டாம் என்று தட்டிவிட்டேன், துண்டு சூடாகிப் போர்வையாகிவிடும். குழாய்த் தண்ணீரை வயிறு, தொடை இடுக்கு, அக்குள், பிறகு முதுகு என்று ஊற்றினோம். முடியை விரலால் பிளந்து தண்ணீர் தோலைத் தொடுகிறதா என்று பார்த்துப் பார்த்து ஊற்றினோம். ஃபேனை இழுத்து முழு வேகத்தில் வைத்தோம். தம்பி அதற்குள் மருத்துவமனைக்குப் போன் செய்துவிட்டான். 39.4 வந்ததும் நிறுத்தினோம், அதற்குமேல் நனைத்தால் சூடு அளவுக்கு மீறி இறங்கிவிடும். பிறகுதான் காரில் ஏற்றினோம், ஏசியோடு.

ரத்தப் பரிசோதனை செய்தார்கள். இப்போதைக்குப் பரவாயில்லையாம். ஆனால் சிறுநீரகமும் ரத்தம் உறையும் தன்மையும் ஓரிரு நாள் கழித்துக்கூடக் கெடலாம் என்பதால் நாளையும் மறுநாளும் மறுபடி வரச்சொன்னார்கள். மூத்திரத்தின் நிறத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும்.

மே 18

இரண்டாவது பரிசோதனையும் நன்றாக வந்தது. சிங்கம் பந்து இருக்கும் அலமாரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

எனக்குத் தூக்கம் வரவில்லை, படித்துக்கொண்டிருந்தேன். பிரிட்டனில் ராயல் வெட்டரினரி கல்லூரி, கால்நடை மருத்துவமனைகளிலிருந்து திரட்டும் வெட்காம்பஸ் என்ற நோய்ப் பதிவுகளை வைத்து 2020இல் ஓர் ஆய்வு வந்திருக்கிறது. வெப்பத் தாக்குக்கு ஆளான நாய்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று, நடை, ஓட்டம், விளையாட்டு என்று உடம்பை வருத்தியதால் மாட்டிக்கொண்டவை. பூட்டிய கார் அதில் சிறு பங்குதான். நான் வெயிலுக்குப் பயந்தேன், தாருக்குப் பயந்தேன், முடிக்குப் பயந்தேன். பந்துக்குப் பயப்படவில்லை. மழைக்குப் பிந்தைய ஈரக்காற்றில் நாக்கின் ஈரம் எங்கே ஆவியாகும்? முப்பது டிகிரியைத் தாண்டாத காலைதான் அவனைச் சாய்த்தது.

இன்னொன்று. முதலில் குளிர்வி, அப்புறம் கொண்டுபோ என்பது அதே பதிவுகளை ஆராய்ந்தவர்கள் வலியுறுத்துவது. சில்லென்ற தண்ணீர் பட்டால் அதிர்ச்சியில் செத்துவிடும் என்று நம்பிப் பலர் காத்திருக்கிறார்கள், அப்படியே அள்ளிப்போட்டுக்கொண்டு ஓடுகிறார்கள். மருத்துவமனைக்கு வருமுன் குளிர்விக்கப்பட்ட நாய்கள் கால்வாசிகூட இல்லையாம்.

மே 27

கூலிங் வெஸ்ட் வந்தது, நனைத்து நாய்க்கு மாட்டிவிடும் சட்டை. ஈரம் இருக்கிறவரை அருமை, காய்ந்ததும் நாய்க்கு ஸ்வெட்டர். நிலா அதைப் பத்து நிமிடத்தில் கழற்றிப் பள்ளத்தில் புதைத்துவிட்டாள். தீர்ப்பு சொல்லியாயிற்று.

தண்ணீர்க் கிண்ணம் இரண்டிலிருந்து ஐந்தாகிவிட்டது, அறைக்கு ஒன்று. சிங்கத்தின் எடை ஒன்றே கால் கிலோ குறைந்திருக்கிறது.

ஜூன் 15

பந்து திரும்ப வந்திருக்கிறது, புதுச் சட்டத்தோடு: ஐந்து எறி, அப்புறம் பந்து என் சட்டைப் பைக்குள். ஈரக்காற்று இருக்கும் நாளில் அதுவும் கிடையாது, வீட்டுக்குள் துண்டை ஒளித்துவைத்து மோப்பம் பிடிக்கும் விளையாட்டு. ஆறாவது எறிக்காக அவன் பார்க்கிற பார்வையைத் தாங்குவதற்குத் தனிப் பயிற்சி வேண்டும்.

சாயங்காலம் நிலாவை வாரும்போது வாலுக்கு மேலே இருந்த வழுக்கையில் விரல் பட்டது. சொரசொரப்பாக இருந்தது. விளக்கைப் பக்கத்தில் கொண்டுவந்து பார்த்தேன். பஞ்சுக்கு நடுவே ஏழெட்டு கறுப்பு முடி, நீளமாக, விறைப்பாக. பதினான்கு மாதம் ஆகியிருக்கிறது. தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அதற்குள் அவள் எழுந்து டைல்ஸ் தரைக்குப் போய்விட்டாள்.