போர்த்கைன்: கல் உடைத்த ஊர்

வேல்ஸின் தென்மேற்கு மூலையில் பெம்புரோக்‌ஷயர் கடற்கரையில் இருக்கிறது போர்த்கைன். ஒரு சின்னத் துறைமுகம், வரிசையாகச் சில குட்டை வீடுகள், ஒரு பப், மீன் பொரித்துத் தரும் ஒரு கடை, படங்கள் விற்கும் ஓரிரு கூடங்கள், அவ்வளவுதான் ஊர். செயின்ட் டேவிட்ஸ் என்ற ஊர்ப் பக்கமிருந்து வரும் சாலை பல இடங்களில் ஒரு வண்டி போகிற அகலம்தான், இரண்டு பக்கமும் ஆளுயரப் புதர்வேலி, எதிரே டிராக்டர் வந்துவிட்டால் யாராவது ஒருவர் பின்னால் போயே ஆக வேண்டும்.

அழகான மீனவ கிராமம் என்று எதிர்பார்த்து இறங்கினால் முதலில் கண்ணில் படுவது துறைமுகத்தின் ஒரு பக்கத்தை முழுசாக அடைத்துக்கொண்டு நிற்கும் பிரம்மாண்டமான செங்கல் சுவர். இடிந்த கோட்டையோ என்று தோன்றும். கோட்டையும் இல்லை, ஒன்றும் இல்லை, ஜல்லி கொட்டி வைத்த தொட்டிகள் அவை. மேலே குன்றின் விளிம்பில் கல்லை வெட்டி, அங்கேயே இயந்திரத்தில் உடைத்து, அளவு வாரியாகச் சலித்து இந்தத் தொட்டிகளில் விடுவார்கள். கீழே கப்பல் வந்து நின்றதும் சரிவு வழியாக நேராக அதற்குள் கொட்டிவிட வேண்டியதுதான். பிரிட்டனில் சாலை போட இந்த ஜல்லி கப்பல் கப்பலாகப் போயிருக்கிறது.

ஜல்லி கடைசியில் வந்த தொழில். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஸ்லேட் பலகைக் கல்லில்தான் ஆரம்பித்தார்கள். பக்கத்து ஊரான அபெரெய்தியின் குவாரியிலிருந்து தண்டவாளம் போட்டு, கல்லை இங்கே கொண்டுவந்து ஏற்றினார்கள், ஏனென்றால் அபெரெய்தியில் கப்பல் நிற்க வசதியில்லை. ஸ்லேட் அவ்வளவு உசத்தி ரகம் இல்லை, கழிவுதான் மலையாகக் குவிந்தது. சரி, அதையும் விடுவானேன் என்று அரைத்துச் செங்கல் சுட்டார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துறைமுகத்தைப் பெரிதாக்கிக் கட்டினார்கள். 1931இல் எல்லாம் நின்றது. தொழில் போன பிறகும் வீடுகள் கம்பெனி சொத்தாகவே கிடந்தன, 1980களில்தான் குடியிருப்பவர்கள் கைக்கு வந்தன. இன்று அந்தத் தொட்டிகள் பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னம்.

எனக்கு ஊரிலேயே பிடித்தது அந்தச் சுவர்தான். கடலும் பாறையும் இந்தக் கரை நெடுக இருக்கின்றன, இப்படி ஒரு முரட்டுச் சுவர் வேறு எங்கே இருக்கிறது?

பப்பின் பெயர் ஸ்லூப் இன், 1743இலிருந்து இருப்பதாகச் சொல்லிக்கொள்கிறார்கள். வயிற்றைக் கவனித்துவிட்டு மேலே ஏறுங்கள். துறைமுக வாயின் இருபுறமும் குன்றில் வெள்ளையடித்த தூண்கள் நிற்கின்றன, குறுகலான நுழைவாயிலைக் கப்பல்காரர்கள் கண்டுபிடிக்க வைத்த அடையாளம். அங்கிருந்து 1970இல் திறந்த கடலோர நடைபாதையில் மேற்கே திரும்பினால் மூன்று கிலோமீட்டர் சொச்சத்தில் அபெரெய்தி. வெறிச்சோடிய குவாரிகள், தலை வரைக்கும் ஆட்டி எடுக்கும் காற்று, அப்புறம் செங்குத்தான குன்றுக்குக் கீழே ட்ரைத் லிவ்ன் என்ற மணல்கரை. கால் நனைக்கலாம், நீந்துவது வேண்டாம், நீரோட்டம் பொல்லாதது.

அபெரெய்தியில் எல்லோரும் தேடி வருவது நீலக் குளம். இதுவும் இயற்கை இல்லை! கைவிட்ட ஸ்லேட் குவாரிக்கும் கடலுக்கும் நடுவிலிருந்த பாறையை வெடிவைத்துத் திறந்துவிட்டார்கள், கடல் உள்ளே வந்து நின்றுவிட்டது. ஆழம் சுமார் 25 மீட்டர். 2012இல் ரெட் புல் பானக் கம்பெனி நடத்திய குன்றிலிருந்து குதிக்கும் போட்டியில் வீரர்கள் இங்கே 27 மீட்டர் உயரத்திலிருந்து குதித்தார்கள். நான் ஓரத்தில் நின்று எட்டிப் பார்த்ததோடு சரி. பக்கத்துக் கடற்கரையில் மணல் கருப்பு, ஸ்லேட் பொடி. அங்கே உடைந்து கிடக்கும் கல்லில் இசைக்கவை வடிவத்தில் மெல்லிய கோடுகள் தெரியும், 46 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலில் மிதந்த கிராப்டோலைட் என்ற உயிரினத்தின் புதைபடிவம். கரையோரமாக இடிந்து நிற்கும் வீடுகள் குவாரித் தொழிலாளர்களுடையவை. 1938இல் புயல் நேரத்தில் கடல் ஊருக்குள் வந்ததோடு அவற்றின் கதை முடிந்தது.

குளத்தில் இறங்க ஆசை இருந்தால் கோடையில் போய்விடுங்கள். இலையுதிர் காலத்தில் சாம்பல் நிறச் சீல்கள் (கடல்நாய்கள்) அங்கே வந்து குட்டி போடும், அப்போது மனிதர்களுக்கு இடமில்லை. கோடையிலும் தண்ணீர் நம் ஆட்களுக்குப் பல் தந்தியடிக்கிற குளிர்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.