ரெண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அப்பாவைப் புரட்டிய நாட்கள்

2022 மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை விடிகாலை அம்மாவிடமிருந்து போன். "அப்பாவுக்கு வாய் கோணிப்போச்சு, கை விழுந்துருச்சு, வெரசா வாத்தா." எங்கள் வீடு இரண்டு தெரு தள்ளி. ஓடிப்போய்ப் பார்த்தால் அப்பா கட்டிலில் ஒருக்களித்துக் கிடக்கிறார். வலது கை யாருடையதோ போலத் தொங்குகிறது. என்னைப் பார்த்து வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. முப்பத்தொரு வருடம் உசிலம்பட்டிப் பக்கம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். தெருமுனையில் பேசினால் வீட்டுக்குள் கேட்கும் குரல் அவருக்கு.

108-க்கு அடித்தோம். வண்டி வருவதற்குள் ஒரு தவறு நடந்தது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். சூடாக ஏதாவது உள்ளே போனால் தெளிந்துவிடும் என்று பக்கத்து வீட்டுப் பெரியம்மா காபியை ஆற்றி அப்பா வாயில் ஊற்றினார். அன்பில் செய்ததுதான், நானும் தடுக்கவில்லை. உடனே புரையேறியது, மூச்சு முட்டி முகம் கறுத்துவிட்டது. பக்கவாதம் அடிக்கும்போது கை கால் மட்டும் விழுவதில்லை, விழுங்குகிற தசையும் சேர்ந்து விழுந்துவிடலாம். அப்போது ஊற்றுவது வயிற்றுக்குப் போகாமல் நுரையீரலுக்குப் போய் நிமோனியா என்கிற சளிக் காய்ச்சலில் கொண்டுபோய் விடும். அப்பாவுக்கு மூன்றாம் நாள் அதுவும் வந்தது. யாருக்காவது இப்படி ஆனால் ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு வண்டியைக் கூப்பிடுங்கள். வாயில் தண்ணீரும் வேண்டாம், மாத்திரையும் வேண்டாம்.

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஏழு. டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "கடைசியா இவரை நல்லா இருக்கிற நிலையில எப்பப் பார்த்தீங்க?" அம்மா ஐந்தரை மணிக்கு எழுப்பியதைச் சொன்னாள். "அது இல்லம்மா, நல்லா பேசிக்கிட்டு இருந்தது எப்ப?" ராத்திரி பத்து மணி. மூளை ரத்தக்குழாயில் வந்த அடைப்பைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், தூக்கத்தில் வந்திருந்தால் தூங்கப்போன நேரத்திலிருந்துதான் கணக்கு என்றார். நாங்கள் ஐந்தரையிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தோம். ஸ்கேனில் மூளையின் இடது பக்கம் பெரிய அடைப்பு. அதனால்தான் வலது கை காலோடு பேச்சும் போயிருந்தது. பிரஷர் 200-க்கு மேல். மாத்திரையை நிறுத்தி நாலு மாதம் ஆகியிருந்தது. உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று அவராகவே நிறுத்தியிருக்கிறார், நாங்களும் கேட்கவில்லை.

ஒன்பது நாள் அங்கே. மூக்கில் சாப்பாட்டு டியூப், கீழே யூரின் டியூப். இரவு டியூட்டியில் நாகர்கோவில் பக்கத்து சிஸ்டர் ஒருவர் இருந்தார். ஆறாம் நாள் ராத்திரி என்னைக் கூப்பிட்டு, "அக்கா, வீட்டுக்குப் போனா நீங்கதான் பாக்கணும். நான் செய்றதைப் பாக்காதீங்க, நீங்க செய்யுங்க, நான் பாக்குறேன்" என்றார். இன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த மூன்று ராத்திரிகளில் அவர் என் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தது.

டிஸ்சார்ஜ் அன்று கொடுத்த ஃபைலில் மாத்திரைப் பட்டியல் இருந்தது, பில் இருந்தது. அப்பாவின் வால் எலும்புக்கு மேலே தோல் உரிந்திருந்ததை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை, எழுதியும் கொடுக்கவில்லை. வீட்டில் உடம்பு துடைக்கும்போதுதான் பார்த்தேன். ஐந்து ரூபாய்க் காசு அகலத்துக்குப் பச்சைப் புண். ஐசியூவில் இருந்த முதல் நாட்களில் ஒரே வாட்டத்தில் மல்லாந்து கிடந்ததில் வந்திருக்க வேண்டும். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. புண் வந்ததைவிட, தெரிந்தே சொல்லாமல் அனுப்பியதுதான் பொறுக்க முடியாதது.

படுக்கைப்புண் அழுக்கால் வருவதல்ல, அழுத்தத்தால் வருவது. எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் சிக்கிய தோலுக்கு ரத்தம் போகாமல் அது செத்துப்போகிறது. வால் எலும்பு, இடுப்பு முட்டு, குதிகால், கணுக்கால், தோள்பட்டை, காது மடல் என்று எலும்பு துருத்துகிற இடமெல்லாம் ஆபத்து. சிவந்திருக்கிற இடத்தை விரலால் அழுத்தி எடுத்துப் பாருங்கள். வெளுத்துவிட்டு மறுபடி சிவந்தால் தப்பித்தோம். வெளுக்காமல் அப்படியே சிவப்பாக இருந்தால் உள்ளே புண் தொடங்கிவிட்டது, அந்த இடத்தில் உடம்பின் பாரம் படவே கூடாது. தேய்த்துவிடவும் கூடாது. கறுத்த தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது, சுற்றியுள்ள தோலைவிடச் சூடாக, கெட்டியாக இருக்கிறதா என்று தொட்டுத்தான் பார்க்க வேண்டும். அப்பா கறுப்பு, அதனால் நான் தினமும் குளிக்க வைக்கும்போது புறங்கையால் தடவிப் பார்த்துக்கொள்வேன்.

ரெண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும். காற்று மெத்தை வாங்கினோம், ஆனால் அது இருந்தாலும் புரட்டித்தான் ஆக வேண்டும். முதுகிலிருந்து தொடைவரை வருகிற மாதிரி ஒரு பழைய வேட்டியை நாலாக மடித்து அடியில் விரித்துவைத்தோம். ஆளைப் பிடித்து இழுத்தால் தோல் மெத்தையில் உரசி உரியும். வேட்டியின் இரண்டு பக்கத்தையும் இரண்டு பேர் சுருட்டிப் பிடித்துத் தூக்கி நகர்த்தினால் உரசல் இல்லை. தனியாக இருக்கும்போது அப்பாவின் தூர முழங்காலை மடக்கி, ஒரு கை தோளிலும் ஒரு கை இடுப்பிலும் வைத்து என் பக்கமாக உருட்டுவேன். பிறகு முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை, முழுசாக ஒருக்களிக்காமல் லேசான சாய்வில் நிற்கிற அளவுக்கு. முழங்கால்களுக்கு நடுவில் ஒன்று. கெண்டைக்காலுக்கு அடியில் ஒன்று, குதிகால் எங்கேயும் படாமல் அந்தரத்தில் இருக்கும்படி. வாதம் வந்த பக்கம் படுக்க வைத்தால் அந்தத் தோள் உடம்புக்கு அடியில் மாட்டிக்கொள்ளாமல் மெல்ல முன்னால் நகர்த்திவிட வேண்டும்.

பத்து, பன்னிரண்டு, இரண்டு, நாலு. போனில் அலாரம். பத்தும் பன்னிரண்டும் என் வீட்டுக்காரர், இரண்டும் நாலும் நான், பகலில் அம்மாவும் பள்ளிக்கூடம் விட்டு வந்த என் மகனும். திருப்பூரில் இருக்கிற தம்பி பணம் அனுப்பினான், மாதம் இரண்டு ஞாயிறு வந்து நாலு நேரத்தையும் அவனே பார்த்தான். அந்த இரண்டு ராத்திரிகளில் நான் தூங்கிய தூக்கம் இன்னும் நினைவிருக்கிறது. சுவரில் மகனின் பழைய நோட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டோம். மணி, இடமா வலமா மல்லாந்தா, எவ்வளவு கஞ்சி, எவ்வளவு யூரின், வெளிக்குப் போனாரா. யார் வந்து மாற்றினாலும் நோட்டைப் பார்த்தால் போதும்.

புண்ணுக்கு நார்மல் சலைனில் கழுவி மேலே ஈரம் காக்கிற கட்டு. மஞ்சள் பொடி, பவுடர், கற்பூர எண்ணெய் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள், எதையும் போடவில்லை. நடுவில் ஓட்டை உள்ள ரப்பர் வளையத்தையும் ஆரம்ப சுகாதார நிலைய சிஸ்டர் எடுத்து வைத்துவிடச் சொன்னார். அது ஓட்டையைச் சுற்றியுள்ள தோலை அழுத்தி ரத்தத்தை இன்னும் நிறுத்திவிடுமாம். சாப்பாட்டில் முட்டை வெள்ளையும் பருப்பும் கூட்டினோம். ஏழு வாரத்தில் மூடியது.

டியூபில் ஊட்டுவது பார்க்கத்தான் பயம், ஒழுங்கு தெரிந்தால் முடியும். மூக்கு ஓரத்தில் டியூப் நிற்கிற இடத்தில் பேனாவால் ஒரு கோடு. கோடு வெளியே வந்திருந்தால் ஒரு சொட்டும் ஊற்றக் கூடாது, நேராக ஆஸ்பத்திரி. தலைமாட்டை நன்றாக உயர்த்திவிட்டு, சிரிஞ்சில் இழுத்து வயிற்றில் பழைய கஞ்சி எவ்வளவு நிற்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்தது. வடிகட்டிய கஞ்சி 200 மில்லி. அழுத்தித் தள்ளாமல் சிரிஞ்சைத் தூக்கிப் பிடித்தால் தானாக இறங்கும். முடிந்ததும் தண்ணீர் விட்டு டியூபைக் கழுவி, ஒரு மணி நேரம் சாய்த்தபடியே வைத்திருக்க வேண்டும். மெதுவாகக் கரைகிற வகை மாத்திரையைப் பொடித்துப் போடக் கூடாது, அப்படி ஒன்று இருந்ததை டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொண்டோம். வாயால் சாப்பிடாவிட்டாலும் வாயைத் தினமும் இரண்டு வேளை துடைத்தே ஆக வேண்டும். நாங்கள் முதல் வாரம் விட்டுவிட்டோம். வாயில் சேர்கிற அழுக்கு எச்சிலோடு இறங்கினாலும் சளிக் காய்ச்சல் வரும்.

யூரின் பையை எப்போதும் இடுப்புக்குக் கீழே வையுங்கள், புரட்டும்போது மடியில் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மூன்றாம் வாரம் அந்த டியூபை எடுத்துவிட்டார்கள், அது பெரிய நிம்மதி.

பார்க்க வந்தவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். எல்லாரும் பாசமாகத்தான் வந்தார்கள். ஒரு மாமா அப்பாவை உட்கார வைக்கிறேன் என்று வலது கையைப் பிடித்து இழுத்துத் தூக்கிவிட்டார். வாதம் வந்த தோளைத் தாங்கிப் பிடிக்கத் தசை கிடையாது, மூட்டு கீழே இறங்கிவிடுகிறது. அன்று தொடங்கிய தோள்வலி ஐந்து மாதம் இருந்தது. அதன்பிறகு கையைப் பிடித்தோ அக்குளில் கைகொடுத்தோ தூக்க யாரையும் விடவில்லை. உட்கார்ந்தால் வலது கைக்கு அடியில் எப்போதும் தலையணை. புறா ரத்தம் தேய்க்கச் சொன்னவர்கள் நாலைந்து பேர். புறாவையே கையில் பிடித்துக்கொண்டு வந்தவரும் உண்டு. நம்பிக்கையோடு வந்தவரிடம் அம்மா காபி கொடுத்து, டாக்டர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்றாள்.

அப்பா யார் வந்தாலும் அழுதார். நாங்களும் கூடவே அழுதோம். மூளையில் அழுகையை அடக்குகிற இடமும் பாதிக்கப்பட்டால் வருத்தம் இல்லாமலே கண்ணீர் வரும் என்று டாக்டர் விளக்கினார். பேச்சை வேறு பக்கம் திருப்பினால் நின்றது. ஆனால் எல்லா அழுகையும் அப்படி என்று நான் நினைக்கவில்லை.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கி அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதில் பிசியோதெரபிஸ்ட் ஒரு தம்பி வீட்டுக்கே வந்தார். அவர் வராத நாட்களில் அவர் சொன்னபடி ஒவ்வொரு மூட்டையும் பத்துப் பத்துத் தடவை நாங்கள் மடக்கி நீட்டினோம். பிரஷர் மாத்திரையும் வீட்டுக்கே வந்தது.

ஏழாவது வாரம் விழுங்கும் சோதனை. நிமிர்த்தி உட்கார வைத்து ஒரு டீஸ்பூன் தண்ணீர். இருமுகிறாரா, குரல் கொழகொழவென்று மாறுகிறதா என்று காத்திருந்தார்கள். இருமினார். விழுங்கத் திணறுகிறவருக்கு எல்லாவற்றிலும் ஆபத்தானது தண்ணீர்தானாம், தொண்டை தயாராவதற்குள் ஓடிவிடுகிறது. கெட்டியாக இருந்தால் மெதுவாக இறங்கும். கெட்டியான கேப்பைக் கூழ் அரை ஸ்பூன், மோவாயை நெஞ்சுப் பக்கம் தாழ்த்தச் சொல்லிக் கொடுத்தார்கள். இறங்கியது. இடது கன்னப் பக்கமாக ஊட்டி, ஒவ்வொரு வாய்க்கும் வலது கன்னத்தில் ஒதுங்கி நிற்கிறதா என்று விரல் விட்டுப் பார்த்தோம். பத்தாவது வாரம் மூக்கு டியூப் போனது.

பேச்சு வேறு கதை. மூன்றாம் மாதம் ஒருநாள் ராத்திரி இரண்டு மணிக்குப் புரட்டி முடித்தபோது இருட்டில் "ரைட்டு" என்றார். நான் அம்மாவை எழுப்பிவிட்டேன். ஆனால் மறுநாளிலிருந்து எல்லாவற்றுக்கும் அதே ஒரு சொல்தான். தண்ணீருக்கு ரைட்டு, வலிக்கு ரைட்டு, வேண்டாம் என்பதற்கும் ரைட்டு. வருடக்கணக்கில் வாய் பழகிய சொல் யோசிக்காமலே வெளியே வரும், நினைத்ததைச் சொல்ல வேறு வழி என்று பேச்சுப் பயிற்சி கொடுத்தவர் சொன்னார். குரல் ஏறுவதையும் இறங்குவதையும் வைத்து அம்மாதான் முதலில் பிரித்துப் புரிந்துகொண்டாள்.

அக்டோபரில் நின்று பழக்கிக்கொண்டிருந்தோம். இடுப்பில் பெல்ட், பிளாஸ்டிக் நாற்காலி சுவரோடு ஒட்டி, ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் என் வீட்டுக்காரர். ஒன்று, இரண்டு எண்ணித் தூக்கப்போகிற நேரம். "ஓல்டான்" என்றார் அப்பா.

இருவரும் நின்றுவிட்டோம். அவர் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். வலது பாதம் உள்பக்கமாகத் திரும்பி நாற்காலிக் காலுக்குள் மாட்டியிருந்தது. நாங்கள் கவனிக்கவில்லை. நான் குனிந்து பாதத்தை எடுத்து நேராக வைத்தேன்.

"ரைட்டு" என்றார். தூக்கினோம்.