அபலோனைக் குடிமாற்றும் வேலை

அபலோன் என்ற கடல் நத்தைக்கு ரத்தம் உறையாது. பாறையில் ஒட்டியிருக்கும் அதன் பாதத்தில் சின்னதாக ஒரு வெட்டு விழுந்தாலும் கசிவு நிற்காமல் போய், சில நாளில் அது செத்துவிடக்கூடும். ரத்தம் சிவப்பும் இல்லை, லேசான நீலம். தண்ணீருக்குள் அது கசிவது கண்ணுக்குத் தெரியவே தெரியாது. வேறிடத்தில் விடுவதற்காக அதைப் பாறையிலிருந்து எடுத்தவர் நல்லபடியாக எடுத்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருப்பார்.

அபலோன் ஒற்றை ஓடுள்ள கடல் நத்தை. மன்னார் வளைகுடாவிலும் ஒரு சிறிய இனம் உண்டு. ஆனால் இங்கே சொல்வது கலிபோர்னியா, நியூசிலாந்து கரைகளின் பெரிய இனங்களைப் பற்றி. கலிபோர்னியாவில் சான் பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே 1997-லேயே அபலோன் பிடிக்கத் தடை வந்துவிட்டது. கருப்பு அபலோன் 2009-ல் அமெரிக்காவின் அருகிவரும் இனங்களின் பட்டியலில் ஏறியது. பிடிப்பதை நிறுத்தியும் பல இடங்களில் எண்ணிக்கை ஏறவில்லை. காரணம் எளிது. ஆணும் பெண்ணும் விந்தையும் முட்டையையும் கடலில்தான் விடுகின்றன. பக்கத்தில் துணை இல்லாவிட்டால் அலை இரண்டையும் கரைத்துவிடும். சதுர மீட்டருக்கு 0.2, அதாவது ஐந்து சதுர மீட்டருக்கு ஓர் அபலோன், என்ற அளவுக்குக் கீழே போனாலே இனப்பெருக்கம் ஆட்டம் காணத் தொடங்கும் என்பது பொதுவான கணக்கு. இளம்புழுக்கள் மிதப்பதும் ஒரு வாரம் அளவுக்குத்தான். அதனால் தொலைவிலுள்ள பாறையிலிருந்து குஞ்சு வந்து சேரும் என்று காத்திருப்பதில் பெரிய பலன் இல்லை. மனிதர்தான் எடுத்துக்கொண்டுபோய் ஒன்றோடொன்று சேர்த்து வைக்க வேண்டும்.

ஆனால் அந்த 0.2-ஐ அப்படியே பிடித்துக்கொண்டு வேலை செய்தால் ஏமாற்றம்தான். 100 சதுர மீட்டரில் 20 அபலோனைச் சமமாகப் பரப்பினால் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே இரண்டு மீட்டருக்கு மேல் இருக்கும். கணக்கில் தேறும், கடலில் தேறாது. அதே 20-ஐ இரண்டு பாறையிடுக்குகளில் பத்துப் பத்தாக நெருக்கி வைத்தால்தான் பிரயோசனம். கழற்றியதும் பாதத்தின் ஓரத்தை லேசாக விலக்கினால், முதிர்ந்த விலங்கில் இனப்பை தெரியும். வெளிர் பால் நிறம் என்றால் ஆண், பச்சையோ சாம்பலோ என்றால் பெண். பத்தும் ஆணாகப் போய்விடாமல் இருக்க இதைப் பார்த்தே ஆக வேண்டும்.

இனி கழற்றுவது. கருவி ஒரு தட்டையான இரும்புப் பட்டை. முனையும் ஓரமும் மழுங்கியிருக்க வேண்டும். கலிபோர்னியாவில் அகலம் முக்கால் அங்குலத்துக்குக் குறையக்கூடாது என்று விதியே இருந்தது. அபலோன் தளர்ந்து, ஓட்டின் ஓரம் சற்றே தூக்கியிருக்கும் தருணம் பார்த்து, பட்டையை ஒரே வீச்சில் பாதத்துக்கும் பாறைக்கும் நடுவே செருக வேண்டும். பிறகு கைப்பிடியை மேல்நோக்கித் தூக்க வேண்டும். அப்போது முனை பாறையில் ஊன்றும். கைப்பிடியைக் கீழே அழுத்தினால் முனை பாதத்தைக் குத்தும். புதிதாக வருபவர்கள் எல்லோரும் கடப்பாரையை அழுத்துவதுபோல் கீழேதான் அழுத்துவார்கள், கை அதற்குத்தான் பழகியிருக்கிறது. ஒருமுறை தொட்டு, அது சுதாரித்துப் பாறையைக் கவ்விவிட்டால் விட்டுவிட வேண்டும். மல்லுக்கட்டினால் பாதம் கிழியும். வேறொன்றைப் பார்த்துவிட்டு கொஞ்ச நேரம் கழித்து வரலாம். இரும்பே வேண்டாம் என்றால், அபலோனைத் தின்னும் நட்சத்திர மீனின் ஒரு கையை அதன் ஓரத்தில் தொட வைத்தால் போதும், பயந்து தானே பிடியை விட்டு நகரத் தொடங்கும். மெதுவான முறைதான், ஆனால் காயம் இல்லாத முறை.

படகில் ஏற்றியதும் பலரும் செய்யும் தவறு, வாளித் தண்ணீரில் போட்டு வைப்பது. நெருக்கமாகக் கிடந்தால் ஆக்சிஜன் சீக்கிரம் தீரும், வழும்பு சேரும். குறைந்த தூரத்துக்கு ஈரமும் குளிர்ச்சியும் போதும். ஐஸ்பெட்டியில் கடல்நீரில் நனைத்த சாக்கு அல்லது கடற்பாசி, அதன்மேல் பாதம் கீழே இருக்கும்படி ஓர் அடுக்கு, மறுபடி ஈரச்சாக்கு. ஐஸ் உருகிய நன்னீர் மேலே படவே கூடாது. ஒன்றன்மேல் ஒன்று ஒட்டவிட்டால் பிரிக்கும்போது காயம்.

விடும் இடம் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும். இளஞ்சிவப்பாகப் படரும் சுண்ணாம்புப் பாசி உள்ள பாறை, ஆழமான இடுக்கு, இரையாக அலையோடு அடித்து வரும் கெல்ப் என்ற பெரிய கடற்பாசி, இம்மூன்றும் வேண்டும். பாசியைத் தின்று தீர்க்கும் கடல் முள்ளெலி மண்டிய பாறையில் கொண்டுபோய் விடுவது பட்டினி போடுவதற்குச் சமம். முள்ளெலியை முதலில் அகற்றிவிட்டு, பாசி துளிர்த்த பிறகுதான் அபலோன். மேலேயிருந்து போட்டுவிட்டுப் போகக் கூடாது. மல்லாந்து விழுந்தால் நிமிர்வதற்குள் நண்டோ பேய்க்கணவாயோ (ஆக்டோபஸ்) மீனோ முடித்துவிடும். ஒவ்வொன்றையும் இடுக்கில் பாதம் படும்படி வைத்து, பிடி இறுகியது கைக்குத் தெரியும்வரை உள்ளங்கையால் மூடிப் பிடிக்க வேண்டும். ஐம்பது அபலோனுக்கு இதைச் செய்ய முக்குளிப்பவரின் காற்று உருளை போதுமா என்பதைக் கரையிலேயே கணக்குப் போட்டுவிட வேண்டும். அவசரத்தில் வைக்கும் கடைசிப் பத்துதான் முதலில் சாகும்.

எடுக்கும் இடத்தையும் மறக்கலாகாது. அங்கே அடர்த்தியைக் குறைத்து இங்கே கூட்டினால் நட்டம் இடம் மாறுகிறது, அவ்வளவுதான். எப்படியும் சாகப்போகிறவற்றை நகர்த்துவதுதான் மனசாட்சி உறுத்தாத வேலை. நியூசிலாந்தின் கைக்கோராவில் 2016 நவம்பர் 14 நிலநடுக்கத்தில் கடலடியே மேலெழும்பி, பாவா என்று மாவோரிகள் அழைக்கும் அபலோன் வெயிலில் கிடந்தது. தன்னார்வலர்களும் தொழில்முறை முக்குளிப்பவர்களும் அவற்றை ஆழத்துக்கு மாற்றினார்கள். கலிபோர்னியாவின் பிக் சுரில் 2020 டோலன் காட்டுத்தீக்குப் பிறகு, 2021 ஜனவரி மழையில் மலைச்சேறு கரையை மூடியது. புதைந்துகிடந்த சுமார் 200 கருப்பு அபலோன்களைத் தோண்டி எடுத்தார்கள்.

நோய் விஷயத்தில் மட்டும் சமரசமே கூடாது. வாட்டநோயைத் தரும் பாக்டீரியா செரிமானப் பாதையில் தங்கும். குளிர்ந்த நீரில் விலங்கு ஆரோக்கியமாகவே தெரியும், நீர் சூடேறினால் பாதம் சுருங்கிச் சாகும். அதனால் கண்ணால் பார்த்து முடிவு செய்வதற்கில்லை. கழிவை எடுத்து பிசிஆர் பரிசோதனை செய்து, முடிவு வரும்வரை தனித்தொட்டியில் வைக்க வேண்டும். ஓட்டில் தொற்றும் புழு கதை இன்னும் மோசம். தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த அபலோனோடு கலிபோர்னியாவுக்கு வந்த ஒரு புழுவைக் கரையிலிருந்து ஒழிக்க, அது தொற்றக்கூடிய கடல் நத்தைகளை மட்டும் 16 லட்சம் பொறுக்க வேண்டியிருந்தது.

விட்ட பிறகு மறுநாள், ஒரு வாரம், ஒரு மாதம், மூன்று மாதம் என்று எண்ண வேண்டும். விடுமுன் ஓட்டைத் துடைத்துக் காயவைத்து ஒட்டிய எண் அட்டைதான் ஆதாரம். வெற்று ஓடுகளையும் பொறுக்க வேண்டும். சிறு துளை இருந்தால் பேய்க்கணவாய், ஓரம் உடைந்திருந்தால் நண்டு. எந்தக் குறியும் இல்லாத முழு ஓடுகள் முதல் இரண்டு வாரத்தில் நிறையக் கிடைத்தால், கடலைக் குறைசொல்லாமல் இரும்புப் பட்டை பிடித்த கையை விசாரிக்கலாம். அட்டை காணாமல் போனதெல்லாம் சாவு என்று எழுதிவிடவும் கூடாது, அபலோன் இரவில் ஊர்ந்து போகும்.

விட்ட இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை அறிக்கையில் அச்சிடாமல் இருப்பது வழக்கம். அச்சிட்டால் திருட்டுத்தனமாக முக்குளித்து எடுப்பவர்களுக்கு நாமே வழி காட்டியதாகிவிடும். எண் அட்டை இல்லாத சிறிய அபலோன் ஒன்று கண்ணில் பட்டால்தான் வேலை பலித்தது என்று சொல்லலாம். அது வளர்ந்து வெளியே தலைகாட்டச் சில ஆண்டுகள் ஆகும், நிதி ஒதுக்கீடோ பெரும்பாலும் அதற்குள் முடிந்திருக்கும். அதுவரை இடுக்கின் ஆழத்தில் டார்ச் அடித்து, விரல்நக அளவு ஓடு ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று தேடிப் பார்ப்பதுதான் வேலை.