ஹவ்லண்ட் வீட்டு எலிசபெத்

ஜனவரி 11

மாமியார் இன்னிக்கு அவங்க குடும்பத்து பழைய பைபிளைக் கொடுத்தாங்க. பழைய ஏற்பாட்டுக்கும் புதிய ஏற்பாட்டுக்கும் நடுவுல உள்ள பக்கங்கள்ல பிறப்பு, கல்யாணம், இறப்பு எல்லாம் எழுதியிருக்கு, மசி பழுப்பாயிடுச்சு. ஒரே பேர் ரெண்டு தடவை வருது, பார்த்தா மொதல் குழந்தை செத்துப்போய் அடுத்ததுக்கும் அதே பேரை வச்சிருக்காங்க. ரொம்ப நேரம் அந்த வரியையே பார்த்துட்டு இருந்தேன்.

ஜனவரி 26

மாசச்சூசெட்ஸ் ஊர்களோட பதிவேடுகளைப் பிடிச்சு ஒவ்வொரு தலைமுறையா ஏறி ஜான் ஹவ்லண்ட் வரைக்கும் போயிட்டேன்! 1620ல இங்கிலாந்துலேர்ந்து அமெரிக்காவுக்குக் குடியேற வந்தவங்களோட மேஃப்ளவர் கப்பல்ல வேலையாளா வந்தவர், புயல்ல கடல்ல விழுந்து தொங்கிட்டிருந்த பாய்மரக் கயித்தைப் பிடிச்சுத் தப்பிச்சவர். இறந்த வருஷம் 1672/3ன்னு இருக்கு. நான் தப்புன்னு நினைச்சேன், ஆனா அப்போ இங்கிலீஷ்காரங்களுக்கு மார்ச் 25தான் வருஷப் பொறப்பாம், நமக்கு சித்திரை மாதிரி. அதனால அதுக்கு முன்னாடி வர்ற நாளுக்கு அவங்க கணக்குல 1672, நம்ம கணக்குல 1673.

பிப்ரவரி 9

எனக்கு மனசு முழுக்க அவர் மனைவி எலிசபெத் டில்லிதான். கப்பல் ஏறும்போது பதிமூணு வயசு, மொதல் குளிர்காலத்துலயே அப்பா, அம்மா, சித்தப்பா, சித்தி நாலு பேரும் போயிட்டாங்க, 102 பேர்ல கிட்டத்தட்ட பாதிப் பேர் செத்த குளிர் அது. அப்புறம் ஜானைக் கட்டிக்கிட்டு பத்துப் பிள்ளை பெத்தா, பத்தும் வளர்ந்து ஆளாச்சு.

இப்படிப்பட்டவளை, அவங்க குடியேறின பிளிமத்தோட மொதல் கவர்னர் கார்வரோட பொண்ணுன்னே ரொம்ப காலம் சொல்லிட்டு இருந்திருக்காங்க, புருஷன் கல்லறைக் கல்லுலயும் அப்படியே வெட்டி வச்சாங்க. கார்வருக்கு அடுத்த கவர்னர் பிராட்ஃபோர்ட் அந்தக் குடியேற்றத்தைப் பத்திக் கையால எழுதின ஏடு காணாமப் போயிருந்தது, 1855ல லண்டன் பிஷப்போட நூலகத்துல கிடைச்சப்பதான் டில்லி வீட்டுப் பொண்ணுன்னு தெளிவாச்சு. பெத்தவங்க பேரே இல்லாம இருநூறு வருஷத்துப் பக்கம் இருந்திருக்கா, எனக்கு ஆறவே இல்ல.

பிப்ரவரி 23

பிளிமத் போனோம். ஜான் இறந்த நாள் இன்னிக்குத்தான். பழைய கல்லறைகள் இருக்கற பரியல் ஹில் குன்று மேல காத்து வெட்டுது. கீழ தெரியற ஊர் இருக்கற எடத்துல முன்னாடி அந்த மண்ணோட பூர்வகுடிகளான வாம்பனோவாக் மக்களோட பட்டூக்செட் கிராமம் இருந்தது, கப்பல் வர்றதுக்குச் சில வருஷம் முன்னாடி கொள்ளைநோய்ல அழிஞ்சுபோச்சு, அவங்க திருத்தி வச்ச நிலத்துலதான் இவங்க குடியேறினாங்க. இதையும் பிள்ளைங்களுக்குச் சொன்னேன், சொல்லாம வம்சாவளி எழுத எனக்கு மனசு வரல.

மார்ச் 1

எலிசபெத் புருஷன் பக்கத்துல இல்ல. கடைசிக் காலத்துல மக லிடியா வீட்ல இருந்தா, 1687ல அங்கயே போயிட்டா, கல்லறை ரோட் ஐலண்ட்ல இருக்கு. உயில்ல இறகு மெத்தை, போர்வை, விரிப்புன்னு ஒவ்வொண்ணையும் எந்தப் பிள்ளைக்குன்னு சொல்லி வச்சிருக்கா. அடுத்த ஞாயிறு மாமியாரையும் கூட்டிட்டு அங்க போறோம்.